பெயர் பொருந்தவில்லை என்றால் ஆள் இல்லையா?

விமான நிலையத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி மூடப்பட்டபோது, தங்கவயலின் தமிழ்த் தொழிலாளி குடும்பங்களுக்கு இரண்டே வழிகள் மிஞ்சின. ஒன்று, கோழி கூவுமுன் எழுந்து மாரிகுப்பத்திலோ உரிகத்திலோ ரயில் ஏறிப் பெங்களூர் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புவது. மற்றொன்று, இன்னும் தொலைவாகப் போவது. துபாய்க்கும் கத்தாருக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நம் பிள்ளைகள் போகிறார்கள். பேத்தமங்களாவிலிருந்து போகிறார்கள், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து போகிறார்கள். பாட்டன் பூமிக்கு அடியில் இறங்கிப் பிழைத்தான். பேரன் ஆகாயத்தில் ஏறிப் பிழைக்கப் போகிறான். இறங்குவதற்கும் டோக்கன் கேட்டார்கள். ஏறுவதற்கும் அட்டை கேட்கிறார்கள்.

இந்த அட்டையைப் பற்றித்தான் இம்மாதம் பேச விரும்புகிறோம்.

தேவனஹள்ளியிலும் மீனம்பாக்கத்திலும் விமான நிலைய வாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர் நிற்கிறார். டிக்கெட்டைக் கேட்கிறார், அடையாள அட்டையைக் கேட்கிறார். இரண்டிலும் உள்ள பெயரையும், அட்டையிலுள்ள படத்தையும், எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். எல்லாம் பொருந்தினால் உள்ளே போகலாம். பொருந்தாவிட்டால்? வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுத்த டிக்கெட் போகிறது. குறித்த நாளில் வேலைக்குச் சேராவிட்டால் விசாவும் போகிறது. வழியனுப்ப வந்த தாயும் மனைவியும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் தவிக்கிறார்கள். பணக்காரனுக்கு அது ஒரு நாள் தொல்லை; அடுத்த விமானத்தில் போய்விடுவான். நமக்கோ அது இரண்டு வருடக் கடன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சோதனையே கூடாது என்பவர்கள் அல்ல நாம். 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளை ஒப்படைத்தவன் விமானம் ஏறவில்லை. பெட்டிகள் மட்டும் நிலையத்தில் கிடந்தன. அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23ஆம் நாள், கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரம் வெடித்துச் சிதறி 329 உயிர்கள் பலியாயின. அங்கேயும் அதே கதைதான். பெட்டி ஏறியது; பெட்டிக்குரியவன் ஏறவில்லை. டிக்கெட் எடுத்தவன் யார், பெட்டி கொடுத்தவன் யார், விமானத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று மூன்றையும் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இரத்தத்தில் எழுதப்பட்ட விதி. 1976ஆம் ஆண்டு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டதை அடுத்து 1978இல் பிறந்த பாதுகாப்புப் பிரிவு, கனிஷ்காவுக்குப் பிறகு 1987இல் தனிப் பணியகமாயிற்று. 1999 டிசம்பரில் காந்தகாருக்கு விமானம் கடத்தப்பட்ட பின், 2000ஆம் ஆண்டிலிருந்து மத்திய தொழிற் பாதுகாப்புப் படை ஒவ்வொரு நிலையமாகக் காவலை ஏற்றது. விமானத்தில் போகும் உயிர்களில் நம் பிள்ளைகளின் உயிரும் இருக்கிறது. ஆகவே சோதனை வேண்டும்.

நாம் கேட்பதெல்லாம், அந்தச் சோதனை ஏழையின் பெயரைக் குற்றமாக்கக் கூடாது என்பதுதான்.

விதி என்ன சொல்கிறது என்பதை நம்மவர் பலர் அறியார். ஆதார் இல்லாமல் விமானம் ஏறவே முடியாது என்று ஏஜெண்டு சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறோம். அது உண்மையல்ல. 2017 அக்டோபரில் பாதுகாப்புப் பணியகம் விடுத்த சுற்றறிக்கையில் பத்து வகை அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது செல்போனில் காட்டும் எம்-ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பணியிட அடையாள அட்டை, மாணவர் அட்டை, தேசிய வங்கியின் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், புகைப்படத்துடன் கூடிய பென்ஷன் அட்டை, மாற்றுத் திறனாளி அட்டை அல்லது மருத்துவச் சான்று. உள்நாட்டுப் பயணத்துக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். பெமல் தொழிற்சாலையின் நிரந்தரத் தொழிலாளி தன் பணி அட்டையையே காட்டலாம். அரசுக் கல்லூரிக்குப் போகும் மகள் தன் கல்லூரி அட்டையைக் காட்டலாம். தகுந்த அடையாளத்தோடு வரும் பெற்றோருடன் பயணம் செய்யும் சிறு பிள்ளைக்குத் தனி அட்டை வேண்டியதில்லை. இவை ஒன்றுமே கைவசம் இல்லாதவர், முதல்நிலை கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் அவருடைய அலுவலகத் தாளில், புகைப்படத்தின் மேல் கையொப்பமிட்ட சான்று பெற்று வரலாம் என்றும் அதே சுற்றறிக்கை கூறியது. வெளிநாட்டுக்குப் போவதானால் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், அதில் மாற்றமில்லை.

ஆனால் நம் வீடுகளில் டிரங்குப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஜெராக்ஸ் காகிதமும் செல்லாது. இதை யார் நமக்குச் சொன்னார்கள்? டிக்கெட்டின் அடியில் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டால் சொன்னதாக ஆகிவிடுமா?

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதிகளை கவுண்டருக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று பார்த்தவர்கள் நாம். முன்பதிவு டிக்கெட்டில் ஆறு பேர் போனால், அவர்களில் ஒருவர் அடையாளம் காட்டினால் போதும். பெயரில் ஓர் எழுத்து கூடக்குறைய இருந்தால், பரிசோதகர் முகத்தைப் பார்ப்பார், வயதைப் பார்ப்பார், ஊரைக் கேட்பார். ஆள் அவர்தான் என்று தெரிந்ததும் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். மனிதனை மனிதன் விசாரித்துத் தெரிந்துகொள்ள அங்கே இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடமும் குறைந்துகொண்டே வருகிறது. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்ப்புக் கட்டாயமாகிவிட்டது. விமான வாசலில் நடப்பது நாளை ரயிலடியிலும் நடக்கலாம். ஆகவே, விமானத்தில் போகாதவனுக்கும் இது சொந்தப் பிரச்சினைதான்.

பெயர் ஏன் பொருந்தாமல் போகிறது? நாம் பொய் சொன்னதாலா? இல்லை. நம் பெயரை நாம் எழுதவில்லை. கம்பெனிப் பதிவேட்டில் ஓர் எழுத்தர் எழுதினார். பள்ளியில் ஆசிரியர் எழுதினார். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாக வந்தவர் காதில் விழுந்ததைக் கன்னடத்தில் எழுதினார்; அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் தட்டினார். எழிலரசி என்ற பெயரிலுள்ள ‘ழ’ இன்றைய கன்னடத்தில் வழக்கில் இல்லை. அது அங்கே ‘ள’ ஆகிறது. ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் ‘இசட் எச்’ என்றும், இன்னோர் அட்டையில் வெறும் ‘எல்’ என்றும் ஆகிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால் நிற்கிறது; ஓரிடத்தில் பின்னால் போகிறது; ஓரிடத்தில் காணாமலே போகிறது; பாஸ்போர்ட்டிலோ முழுப் பெயராக விரிந்து நிற்கிறது. ஒரே பெண், நான்கு அட்டை, நான்கு பெயர். எழுதியவர்கள் எல்லாம் அரசாங்கத்தின் ஆட்கள். பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் எழிலரசி!

இதனினும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? வடக்கே பெயருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் சாதிப் பெயர். தமிழன் அதை வெட்டியெறிந்தவன். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, சாதி இழிவைச் சுமத்தும் பெயரால் உங்களைப் பதிந்துகொள்ளாதீர்கள் என்று ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எடுத்துச் சொன்னவர் அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய பௌத்த சங்கம் நம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் வேரூன்றியிருந்தது என்பது தங்கவயலின் பெருமை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விட்டுவிடுமாறு தீர்மானம் போட்டது. அப்படி மானத்தோடு சுமை இறக்கி வைத்த சமுதாயம் நாம். நம் பெயர் ஒற்றைச் சொல். கூட நிற்பது தகப்பனின் முதலெழுத்து.

அந்த ஒற்றைச் சொல்லே 2022ஆம் ஆண்டு குற்றமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. விமானக் கம்பெனிகள் அந்த அறிவிப்பைத் தங்கள் ஏஜெண்டுகளுக்கு அனுப்பின. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு சில நாட்களில் விளக்கம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் டிக்கெட் எடுத்துவிட்டுத் தவித்தவனின் நட்டத்துக்கு யார் பொறுப்பு? அந்நிய நாடு தன் வாசலுக்கு விதி போடட்டும். அது அவர்கள் உரிமை. ஆனால், எங்கள் நாட்டின் தெற்கே கோடிக்கணக்கான மக்கள் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள் என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டியது யார்? டில்லி சர்க்கார் அல்லவா? வருகை விசாவில் ஏற்றிவிட்டு, போன இடத்தில் வேலை வாங்கித் தருகிறோம் என்று பணம் பறிக்கும் ஏஜெண்டுகள், அந்த நாட்களில் தொலைபேசியைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள் என்பதையும் நம்மவர் நினைவில் வைக்க வேண்டும்.

அடையாளம் கேட்பது நமக்குப் புதிதல்ல, தோழர்களே. தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்கம் என்று நான்கு கம்பெனிகளையும் ஜான் டெய்லர் கம்பெனியே நிர்வகித்த காலத்தில், குழியிலிருந்து மேலேறி வரும் தொழிலாளியை நிறுத்தி உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். தங்கத்தைத் தோண்டியவன் தங்கத் திருடனாகச் சந்தேகிக்கப்பட்டான். 1930ஆம் ஆண்டு நம் முன்னோர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, அதற்குத் தீ மூட்டியது கைரேகைப் பதிவுதான். படிப்பறியாத அந்தத் தொழிலாளர்கள் ஒன்றை நன்றாக அறிந்திருந்தார்கள்: ரேகை நம் விரலில் இருக்கும்வரை நம்முடையது, கம்பெனியின் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது கம்பெனியின் ஆயுதம். ஒரு குழியில் எதிர்த்துப் பேசியவனுக்கு எந்தக் குழியிலும் வேலை இல்லாமல் செய்ய அந்த ஒரு புத்தகம் போதும்.

அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் இதே போர் நடந்தது. டிரான்ஸ்வாலில் 1906ஆம் ஆண்டு ஆசியர் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும், கேட்கும் இடத்தில் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். காந்தியார் தலைமையில் 1908 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் அந்தச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை நிறைத்தவர்களில் தமிழர் முன்னணியில் நின்றனர். இளைஞன் நாகப்பன் 1909இல் சிறைக்கொடுமையால் மாண்டான். பின்னர் பெண்களும் களம் இறங்கியபோது சிறைபுகுந்த தில்லையாடி வள்ளியம்மை, பதினாறே வயதில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள்.

இலங்கையில் நடந்ததோ இன்னும் கொடிது. அங்கே காகிதம் இல்லை என்பதையே காரணமாக்கி ஒரு சமுதாயத்தின் நாட்டையே பறித்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் எங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு உரமான மலையகத் தமிழர், அந்தச் சான்றைக் காட்ட முடியாமல் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, மனிதரை லட்சக் கணக்கில் பங்கு பிரித்தார்கள். காகிதம் சின்னது, அது செய்யும் வேலை சின்னதல்ல.

இன்றைக்கு விரல் போய் முகம் வந்திருக்கிறது. 2022 டிசம்பர் 1ஆம் நாள் டில்லி, பெங்களூர், வாரணாசி விமான நிலையங்களில் ‘டிஜி யாத்ரா’ தொடங்கியது. ஆதாரைக் கொண்டு ஒருமுறை பதிந்துகொண்டால், பிறகு கேமராவே முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கிறது. வரிசை குறைகிறது என்பது உண்மை. ஆனால் அது கட்டாயமில்லை என்பதும் உண்மை. அரசே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. இருந்தும், என்ன ஏது என்று விளக்காமல் வாசலிலேயே முகத்தைப் படம் பிடித்துப் பதிவு செய்துவிட்டார்கள் என்று பயணிகள் பலர் புகார் சொன்னார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், முதன்முதலாக விமானம் ஏறும் நம் வீட்டுப் பெண், சீருடை போட்டவர் ‘இங்கே பாருங்கள்’ என்றால் மாட்டேன் என்பாளா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்த புட்டசாமி நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த உரிமை படித்தவனுக்கு மட்டும் எழுதிக்கொடுத்ததல்ல.

வாசலில் நிற்கும் காவலரைப் பகைவராக எண்ண வேண்டாம். அவரும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். பெங்களூர்க் கம்பெனி வாசல்களில் நீல உடுப்புப் போட்டு, வருகிறவர்களிடம் அட்டை கேட்டு நிற்பவர்களில் நம் தங்கவயல் பிள்ளைகள் எத்தனை பேர்! தவறான ஆளை உள்ளே விட்டால் வேலை போகும். சரியான ஆளை வெளியே நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று விதி இருந்தால், அவர் எந்தப் பக்கம் சாய்வார்? குற்றம் ஆளிடம் இல்லை. ஏழையைத் திருப்பி அனுப்புவதற்கு எந்த விலையும் வைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: ஏற்கத்தக்க அடையாளங்களின் பட்டியலை, பெங்களூர் விமான நிலைய வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். டிக்கெட் விற்பவர் அதை விற்கும்போதே சொல்ல வேண்டும்.

இரண்டு: படமும் முகமும் பொருந்தி, பெயரில் முதலெழுத்தோ எழுத்துக்கூட்டலோ மட்டும் வேறுபட்டால் அது ஆள்மாறாட்டம் ஆகாது என்று எழுத்து மூலம் விதி வேண்டும். அந்த இடத்திலேயே முடிவு செய்ய மேலதிகாரி ஒருவர் இருக்க வேண்டும்.

மூன்று: ஒருவரைத் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தையால் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது.

நான்கு: கேட்காமல், விளக்காமல், சம்மதமில்லாமல் எவர் முகத்தையும் பதியக் கூடாது. மறுப்பவருக்குத் தனி வாசலும் மரியாதையான வரிசையும் இருக்க வேண்டும்.

ஐந்து: சர்க்கார் எழுத்தர்கள் செய்த பிழையைத் திருத்த, தங்கவயலிலும் பேத்தமங்களாவிலும் முகாம் நடத்த வேண்டும். அவர்கள் செய்த தவறுக்கு நாம் கூலி இழந்து அலைவதும் கட்டணம் கட்டுவதும் என்ன நியாயம்?

ஆட்சியாளர் செய்யும்வரை கைகட்டிக் காத்திருக்கவும் முடியாது. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் இன்றே எடுத்துப் பாய்மேல் பரப்புங்கள். ஒவ்வொருவருடைய பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவர், படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வேறுபாடு இருந்தால், பயணம் வரட்டும் என்று காத்திராமல் இப்போதே திருத்த மனுப் போடுங்கள். டிக்கெட் எடுப்பவரிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள். அட்டையைக் கையில் கொடுத்து, அதிலுள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடிக்கச் சொல்லுங்கள். அடித்ததைப் படித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது தகப்பன் பெயரை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது அடையாளம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். சங்கத் தோழர்கள் உதவத் தயாராக இருக்கிறார்கள், காகிதங்களோடு வாருங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று, பாட்டன் துடைத்தெறிந்த சாதியைத் தேடி எடுத்து அதில் எழுதாதீர்கள். அந்தக் கட்டத்துக்குத் தகப்பன் பெயர் போதும். விரும்பினால் தாயின் பெயரும் தகும். நம் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. திருத்தப்பட வேண்டியது படிவம்.